தலையில தையலோட ஆடின ஸ்டாப்பரும், என் கேஷுவாலிட்டிக்கு வந்த ஸ்டாப்பரும்

1/
மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். ஃபுட்பால் பத்தினது, மூளை பத்தினதும்கூட. வீட்ல பந்து ஆடுற பையனோ பொண்ணோ இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. இல்லாதவங்களும் படிக்கலாம். ஜர்னைல் சிங்னு ஒரு பெரிய ஆட்டக்காரரைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கும்.

2/
சில வாரம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி, கேஷுவாலிட்டி டூட்டி. கூடுவாஞ்சேரிப் பக்கம் சனிக்கிழமை ராத்திரி எப்படி இருக்கும்னு ஜி.எஸ்.டி. ரோட்ல போறவங்களுக்குத் தெரியும். பைக்ல விழுந்தவங்க, லாரி உரசினவங்கன்னு வரிசையா வருவாங்க. அதுக்கு நடுவுல 15 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். ஜெர்ஸி, ஷின் பேடு எதையும் கழட்டல. வலது புருவத்துக்கு மேல வெட்டு. கூட அம்மாவும் கோச்சும்.

(அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
டர்ஃப்ல டோர்னமென்ட், செமி ஃபைனல். கார்னர் கிக்கைத் தலையால வெளிய தள்ள இவன் எகிறியிருக்கான், எதிர் டீம் பையனும் எகிறியிருக்கான். தலையோட தலை மோதி ரெண்டு பேரும் கீழ விழுந்துட்டாங்க. இவன் எந்திரிச்சு, கர்ச்சீஃப்பைக் கட்டிக்கிட்டு மிச்ச ஆட்டத்தையும் முடிச்சிட்டுத்தான் வந்திருக்கான்.

காயத்தைக் கழுவி நாலு தையல் போட்டேன். அந்த வெட்டு பெரிய விஷயமே இல்ல. நான் தையல் போட்டுக்கிட்டிருந்த பத்து நிமிஷத்துல அவன் மூணு தடவை ஒரே கேள்வியைக் கேட்டான்.

"மாஸ்டர், ஸ்கோர் என்ன?"

4/
ஒவ்வொரு தடவையும் கோச் பொறுமையா "ஜெயிச்சிட்டோம்டா"ன்னு பதில் சொன்னார். அவருக்கு அது தப்பாவே தெரியல. எனக்கு அதுதான் பயம். தலையில அடிபட்டவன் சொன்ன பதிலை மறந்து மறுபடி அதையே கேட்டா, அது மூளை அதிர்ச்சி. நாங்க கன்கஷன்னு சொல்வோம்.

5/
"தம்பி குறைஞ்சது மூணு வாரம் ஆடக்கூடாது"ன்னு சொன்னேன்.

கோச் சொன்னார்: "டாக்டர், நாளைக்கு சாயங்காலம் ஃபைனல். இவன்தான் எங்க ஸ்டாப்பர். இவன் இல்லன்னா பேக்ல ஆளே கிடையாது. 62ல ஜர்னைல் சிங் தலையில தையலோட ஆடி கோல்டு மெடல் வாங்கிக் குடுக்கலையா?"

எனக்கு உடனே பதில் வரல. ஏன்னா அந்தக் கதை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கு அவருக்கு நான் முழுசா சொல்லாத பதில்தான் இந்த த்ரெட்.

6/
முதல்ல அந்தக் கதையை மரியாதையா சொல்லிடறேன்.

ஜர்னைல் சிங் 1936ல, இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற லயால்பூர் பக்கம் பிறந்தவர். பிரிவினைக்கு அப்புறம் இந்தியப் பஞ்சாப். கல்லூரியில ஆடும்போதே பேர் வாங்கி, கல்கத்தாவுக்கு வந்து, 1959ல மோகன் பகான்ல சேர்ந்தார். 1968 வரைக்கும் அங்கதான். ஏறத்தாழ பத்து வருஷம், ஒரே கிளப், ஒரே வேலை: பின்வரிசையில மலை மாதிரி நிக்கிறது.

7/
1960 ரோம் ஒலிம்பிக் டீம்ல அவர் இருந்தார். நம்ம தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜும் அதே டீம்தான். 1964ல அர்ஜுனா விருது. அப்புறம் இந்திய கேப்டன். ஆசிய ஆல்-ஸ்டார் அணிக்கே கேப்டனா இருந்தவர். இந்தியாவின் தலைசிறந்த டிஃபெண்டர் யாருன்னு பழைய ஆட்கள் கிட்ட கேட்டா, பெரும்பாலும் முதல்ல வர்ற பேர் இவர்தான்.

8/
1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கோச் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். முதல் மேட்ச்ல தென் கொரியாகிட்ட 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1ன்னு ஜெயிச்சோம். ஆனா அந்த மேட்ச்ல ஜர்னைல் சிங்குக்குத் தலையில பலத்த அடி, தையல் போட வேண்டியதாச்சு.

9/
ஜப்பானை 2-0ன்னு ஜெயிச்சு செமி ஃபைனலுக்குப் போனாங்க. எதிரணி தென் வியட்நாம். ரஹீம் அப்ப ஒரு முடிவு எடுத்தார். கட்டுப் போட்ட தலையோட இருந்த ஸ்டாப்பரை பேக்ல நிறுத்தாம, சென்டர் ஃபார்வர்டா முன்னாடி அனுப்பினார். ஜர்னைல் கோல் அடிச்சார். 3-2ன்னு ஜெயிச்சோம்.

10/
செப்டம்பர் 4, ஃபைனல். மறுபடி தென் கொரியா. ஸ்டேடியத்துல ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். வேற ஒரு அரசியல் காரணத்துக்காக மொத்தக் கூட்டமும் இந்தியாவுக்கு எதிரா கத்திக்கிட்டிருந்தது. கோல்ல பீட்டர் தங்கராஜ். 17வது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல். 20வது நிமிஷம் ஜர்னைல் சிங் கோல். 2-1. தங்கம்.

அதுக்கப்புறம் ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல நமக்குத் தங்கம் இன்னும் வரல. அடுத்த வருஷம் ஜூன்ல ரஹீம் புற்றுநோயால இறந்துட்டார். இதையெல்லாம் இப்ப 'மைதான்'னு படமாவும் எடுத்துட்டாங்க.

11/
எழுதும்போதே சிலிர்க்குது. அதனால நான் ஜர்னைல் சிங்கைக் குறை சொல்றேன்னு யாரும் நினைக்காதீங்க. அவர் வீரர். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

என் கேள்வி ஒண்ணுதான். 1962ல 26 வயசு ஆள் நாட்டுக்காக எடுத்த ரிஸ்க்கை, இன்னைக்கு 15 வயசுப் பையனுக்குப் பாடமா சொல்லலாமா?

கூடாதுன்னு சொல்றேன். ஏன்னு வரிசையா பார்ப்போம்.

12/
முதல் காரணம், அன்னைக்கு வேற வழி இல்ல.

உலகக் கோப்பையில மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம்னு விதி வந்ததே 1970லதான். அந்தக் காலத்துல ஒருத்தர் வெளிய போனா டீம் பத்து பேரோட ஆடணும். சி.டி. ஸ்கேன் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971ல, லண்டன்ல. அதாவது ஜகார்த்தால இருந்த எந்த டாக்டராலயும் அந்த மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்திருக்க முடியாது. தெரியாம எடுத்த ரிஸ்க் அது. நாம தெரிஞ்சே எடுத்தா அதுக்குப் பேர் வீரம் இல்ல.

13/
ரெண்டாவது காரணம், எல்லாரும் சொல்ற வாதம்: "ஜர்னைல் சிங்குக்கு அப்புறம் ஒண்ணும் ஆகலையே?"

உண்மைதான். அவர் அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஆடினார். பஞ்சாப் டீமுக்குக் கோச் ஆனார், பஞ்சாப் விளையாட்டுத் துறையோட இயக்குநர் ஆனார். 2000ல கனடால, 64 வயசுல இறந்தார். அதுவும் ஆஸ்துமாவாலன்னுதான் செய்தி.

14/
ஆனா யோசிச்சுப் பாருங்க. ஹெல்மெட் போடாம 40 வருஷம் வண்டி ஓட்டின தாத்தா எல்லாத் தெருவுலயும் ஒருத்தர் இருப்பார். "எனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்பார். ஒண்ணும் ஆகாதவர்தான் திண்ணையில உக்காந்து கேட்க முடியும். ஆனவங்க கேட்க வர்றது இல்ல.

தப்பிச்சவங்க கதைதான் நமக்கு வந்து சேரும், படமாவும் வரும். தப்பிக்காதவங்க கதை அந்த வீட்டோட நின்னுடும்.

15/
மூணாவது காரணம், மருத்துவம். இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க.

மூளை மண்டை ஓட்டுக்குள்ள நீர்ல மிதக்குது. தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு வேகமா நடந்து சட்டுன்னு நின்னு பாருங்க. குடம் நிக்கும், உள்ள தண்ணி நிக்காது, அலையடிச்சு வெளிய சிந்தும். தலை மோதும்போது மூளைக்கும் அதுதான் நடக்குது. நரம்பு இழைகள் இழுபட்டு முறுக்கிக்குது. செல்களுக்கு உள்ளயும் வெளியவும் உப்புச் சமநிலை குலையுது. அதைச் சரி பண்ண மூளைக்கு நிறைய சக்தி வேணும், அந்த நேரம் பார்த்து சக்தி பத்தாம போகுது.

16/
அதனால கன்கஷன்ல சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும். சி.டி. ரத்தக்கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். இந்தக் குழப்பத்தைக் காட்டாது.

"ஸ்கேன் நார்மல், அப்ப நாளைக்கு ஆடலாம்ல?" இது நான் அடிக்கடி கேட்கிற கேள்வி. ஆடக்கூடாது. ஸ்கேன் நார்மல்னா இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு அர்த்தம். அவ்வளவுதான்.

17/
இன்னொண்ணு. மயக்கம் போட்டாத்தான் கன்கஷன்னு நினைக்காதீங்க. பெரும்பாலானவங்களுக்கு மயக்கமே வராது. தலைவலி, தலைசுத்தல், வெளிச்சம் கூசுறது, கேட்டதையே கேட்கிறது, பதில் சொல்ல நேரம் எடுக்கிறது, காரணமே இல்லாம எரிச்சல், "ஏதோ மாதிரி இருக்கு"ன்னு சொல்றது. இதுல ஒண்ணு இருந்தாலும் போதும்.

18/
இந்தக் குழப்பம் அடங்குறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா என்ன ஆகும்?

ஒண்ணு, குணமாக வேண்டியது பல வாரம் இழுக்கும். ரொம்ப அபூர்வமா, ஆனா முக்கியமா வளர்ற வயசுப் பிள்ளைகளுக்கு, மூளை மளமளன்னு வீங்கி உயிரே போயிடும். 2011ல வட அயர்லாந்துல 14 வயசு ரக்பி ஆடின ஸ்கூல் பையன் ஒருத்தன் இப்படித்தான் இறந்தான். ஒரே மேட்ச்ல ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை அடிபட்டும் தொடர்ந்து ஆடியிருந்தான்.

அபூர்வம்தான். ஆனா தடுக்கிறதுக்கு ஒரு பைசா செலவு இல்ல. வெளிய உக்கார வெச்சா போதும்.

19/
"பெரிய ஆட்டக்காரங்களுக்குத் தெரியாதா? அவங்களே ஆடுறாங்களே?"

2014 உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில அடி வாங்கிட்டு ஏறக்குறைய கால் மணி நேரம் ஆடினார். அப்புறம் நடுவர்கிட்டயே போய், இது ஃபைனல்தானான்னு கேட்டார். 31வது நிமிஷம்தான் வெளிய எடுத்தாங்க. உலகத்துலேயே பெரிய மேட்ச்ல ஆடுறோம்னே அவருக்குத் தெரியல. என் பையனோட "ஸ்கோர் என்ன மாஸ்டர்?"தான் அது.

20/
அதே உலகக் கோப்பையில உருகுவேயின் அல்வாரோ பெரெய்ரா. டிஃபெண்டர். இங்கிலாந்தோட மேட்ச்ல எதிராளியோட முட்டி தலையில பட்டு நினைவில்லாம கிடந்தார். டீம் டாக்டர் மாத்தச் சொல்லி சைகை காட்டினார். பெரெய்ரா எந்திரிச்சு வந்து டாக்டர்கிட்ட சண்டை போட்டு மறுபடி உள்ள போனார்.

டாக்டரா இதைப் பார்க்கும்போது எனக்கு ஒண்ணு புரிஞ்சது. "நான் நல்லா இருக்கேன்"னு சொல்ற உறுப்பே மூளைதான். அடிபட்டதும் அதுதான். அது குடுக்கிற சர்ட்டிஃபிகேட்டை நம்பக்கூடாது.

21/
நாலாவது காரணம், டிஃபெண்டர்கள் பத்தினது. இது வருஷக்கணக்குல சேர்ற கணக்கு.

ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல வில்லி ஸ்டூவர்ட்னு ஒரு நரம்பு நோய்க்குறியியல் நிபுணர். அவரோட குழு 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரங்களை, அதே வயசு, அதே மாதிரி வசதி உள்ள 23,028 சாதாரண ஆட்களோட ஒப்பிட்டுப் பார்த்தது. 2019ல வந்த முடிவு: மூளை நரம்புச் சிதைவு நோய்களால இறக்கிறது ஆட்டக்காரங்களுக்குச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம்.

22/
2021ல அதே தகவல்களை ஆடின இடம் வாரியாப் பிரிச்சாங்க. கோல்கீப்பர்களுக்கு அபாயம் தெளிவா கூடல. டிஃபெண்டர்களுக்குத்தான் உச்சம், ஏறக்குறைய 5 மடங்கு. 15 வருஷத்துக்கு மேல ஆடினவங்களுக்கும் 5 மடங்குக்கு மேல.

கோல்கீப்பர் பந்தைக் கையால பிடிக்கிறார். டிஃபெண்டர்? எதிரணி கோல் கிக், கார்னர், கிராஸ் எல்லாமே அவர் நெத்தியிலதான் வந்து விழுது. மேட்ச்ல மட்டும் இல்ல, பிராக்டிஸ்லயும்.

23/
பயப்படுறதுக்கு முன்னாடி எண்ணிக்கையையும் பாருங்க. ஆட்டக்காரங்கள்ல 5 சதவீதம் பேருக்கு இந்த நோய்கள் இருந்தது, மத்தவங்கள்ல 1.6 சதவீதம். அதாவது 100ல 95 ஆட்டக்காரங்களுக்கு வரல. இது முழுநேரத் தொழிலா ஆடின ஆண்களோட கணக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் டர்ஃப்ல ஆடுறவங்களுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. எத்தனை தடவை தலையால முட்டினாங்கன்னும் அந்த ஆய்வு நேரடியா எண்ணல. ஆனாலும் கோல்கீப்பர், டிஃபெண்டர் வித்தியாசம் எங்க கை காட்டுதுன்னு உங்களுக்கே தெரியும்.

24/
இங்கிலாந்துக்காரங்களுக்கு இது வெறும் எண் இல்ல. ஜாக் சார்ல்டன்னு ஒரு ஸ்டாப்பர். 1952ல இருந்து 1973 வரைக்கும் 21 வருஷம் லீட்ஸ் யுனைடெட்னு ஒரே கிளப். 1966 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம். கடைசிக் காலத்துல டிமென்ஷியா, 2020ல இறந்தார். தம்பி பாபி சார்ல்டனுக்கும் டிமென்ஷியா. அதே டீம்ல இன்னும் சிலருக்கும்.

ஒரு தனி ஆளுக்கு இதனாலதான் வந்ததுன்னு எந்த டாக்டராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. பீடி பிடிச்ச எல்லாருக்கும் கேன்சர் வர்றது இல்லையே, அந்த மாதிரிதான். ஆனா கூட்டமா பார்க்கும்போது போக்கு தெரியுது.

25/
"அப்ப புள்ளைங்களை ஃபுட்பாலே ஆட விடாதீங்கன்னு சொல்றீங்களா டாக்டர்?"

இல்லவே இல்ல. நேர் எதிர். அதே கிளாஸ்கோ ஆய்வுல இன்னொரு முடிவும் இருக்கு: 70 வயசு வரைக்கும் ஆட்டக்காரங்களோட ஒட்டுமொத்த இறப்பு குறைவு. மாரடைப்பு குறைவு, நுரையீரல் புற்றுநோய் குறைவு. என் ஓ.பி.யில தினமும் சுகரும் பிரஷரும் முப்பத்தஞ்சு வயசுலயே வந்து நிக்குது. நம்ம பிள்ளைங்க ஓடணும். மொபைலை வெச்சுட்டு ஓடணும். தலையை மட்டும் காப்பாத்திக்கிட்டு ஓடணும்னு சொல்றேன்.

26/
உலகம் இதைச் செய்யத் தொடங்கிடுச்சு. அமெரிக்காவுல 2015லேயே 10 வயசுக்கு உட்பட்டவங்க பந்தைத் தலையால ஆடக்கூடாதுன்னு அறிவிச்சாங்க. ஸ்காட்லாந்துல 2020ல 12 வயசுக்கு உட்பட்டவங்களுக்குப் பயிற்சியில ஹெடிங் கிடையாது. இங்கிலாந்துல 2021ல இருந்து தொழில்முறை ஆட்டக்காரங்களுக்கே பயிற்சியில வாரத்துக்குப் பத்து வேகமான ஹெடருக்கு மேல வேண்டாம்னு வழிகாட்டுதல். தலையில அடிபட்டவருக்குத் தனியா ஒரு மாற்று ஆளை இறக்க ஆட்ட விதிகள்லயே இப்ப இடம் குடுத்திருக்காங்க.

யாரும் ஃபுட்பாலை நிறுத்தல. மாத்தியிருக்காங்க.

27/
நம்ம ஊர் நிலைமை? ஊரப்பாக்கத்துல இருந்து மறைமலை நகர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் டர்ஃப் முளைச்சிருக்கு. ரொம்ப நல்ல விஷயம். ராத்திரி 11 மணிக்கும் லைட் போட்டு ஆடுறாங்க. சின்ன கிரவுண்ட், பக்கத்துலேயே வலைக் கம்பி, மோதல் அதிகம். டோர்னமென்ட் நடத்துறவங்க மைக் செட் வைக்கிறாங்க, ட்ரோன்ல வீடியோ எடுக்கிறாங்க, ஆளுயரக் கோப்பை குடுக்கிறாங்க. தலையில அடிபட்டா யார் முடிவு எடுக்கிறதுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

28/
அதனால என் கோரிக்கை. டோர்னமென்ட் நடத்துறவங்க, கோச்சுங்க, டர்ஃப் வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க.

அ) சந்தேகம் வந்தா வெளிய. அன்னைக்கு மறுபடி உள்ள கிடையாது. ஃபைனலா இருந்தாலும் சரி.
ஆ) முடிவு எடுக்கிற ஆள் கோச்சோ கேப்டனோ ஆட்டக்காரனோ இருக்கக் கூடாது. ஜெயிக்கணும்னு நினைக்கிற யாரும் அந்த முடிவை எடுக்கக் கூடாது.
இ) தலையில அடிபட்டவனுக்குப் பதிலா கூடுதலா ஒரு ஆளை இறக்க அனுமதிங்க. ஆள் குறையாதுன்னா மறைக்க வேண்டிய அவசியமே வராது.
ஈ) 12 வயசுக்குக் கீழ ஹெடிங் பிராக்டிஸ் வேண்டாம். காலால பந்தை அடக்கக் கத்துக் குடுங்க.
உ) 108 எந்த கேட் வழியா உள்ள வரணும்னு மேட்ச்சுக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

29/
பெற்றோருக்கு. அடிபட்ட பிள்ளைகிட்ட கீழ இருக்கிறதுல ஒண்ணு பார்த்தாலும் யோசிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க:

▪️ திரும்பத் திரும்ப வாந்தி
▪️ நேரம் ஆக ஆகக் கூடுற தலைவலி
▪️ எழுப்பினா எந்திரிக்க முடியாத தூக்கம்
▪️ வலிப்பு
▪️ கை கால் பலவீனம், வாய் குழறல், ஒரு கண்ணுல கருவிழி பெருசா தெரியறது
▪️ மூக்கு, காது வழியா ரத்தமோ தண்ணியோ வடியறது
▪️ கழுத்து வலி (இருந்தா கழுத்தை அசைக்காதீங்க, 108 வரட்டும்)

முதல்ல நல்லா பேசிட்டு, சில மணி நேரம் கழிச்சு சட்டுன்னு மோசமாகுற ரத்தக்கசிவும் உண்டு. அதனால முதல் நாள் ராத்திரி தனியா படுக்க விடாதீங்க.

30/
"தூங்க விடக்கூடாதாமே?" டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிட்டா தூங்கலாம். தூக்கம் மூளைக்கு மருந்து. நடுவுல ஓரிரு தடவை எழுப்பி, பேர் கேட்டுப் பாருங்க, போதும்.

முதல் ரெண்டு நாள் ஓய்வு, மொபைலும் டிவியும் குறைவா. அப்புறம் இருட்டு ரூம்ல பூட்டி வைக்க வேண்டாம், மெதுவா நடக்கலாம். முதல்ல ஸ்கூல், அப்புறம்தான் கிரவுண்ட். நடை, ஓட்டம், தனியா பந்து, டீமோட பயிற்சி, கடைசியா மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது ஒரு நாள். உடம்பும் தலையும் முழுசா சரியாகாம, டாக்டர் பார்க்காம மோதல் இருக்கிற ஆட்டத்துக்குப் போகக்கூடாது. வலிக்கு நீங்களா மெடிக்கல்ல மாத்திரை வாங்காதீங்க. கேட்டுட்டு வாங்குங்க.

31/
ஜர்னைலுக்கு முந்தின தலைமுறையில இன்னொரு டிஃபெண்டர் இருந்தார். நாகாலாந்து டாக்டர் டி. ஆவ். 1948 லண்டன் ஒலிம்பிக்ல இந்திய கேப்டன். மோகன் பகான்ல ஆடிக்கிட்டே கல்கத்தாவுல எம்பிபிஎஸ் முடிச்சவர். பிள்ளை டாக்டர் ஆகி ஜனங்களுக்கு வேலை செய்யணும்னு அப்பாவோட ஆசை. பேரும் புகழும் இருந்தப்பவே ஊருக்குத் திரும்பி அரசு டாக்டரா வேலை பார்த்து, நாகாலாந்து சுகாதார இயக்குநரா ஓய்வு பெற்றார்.

அரசு ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு அவரைப் பத்தி நினைக்கிறப்ப எனக்குத் தோணும்: ஆட்டம் முடிஞ்ச பிறகு நாற்பது, அம்பது வருஷ வாழ்க்கை மிச்சம் இருக்கு. அதுக்கும் இதே மூளைதான் வேணும்.

32/
நம்ம பையன் கதைக்கு வர்றேன்.

அன்னைக்கு ராத்திரி கோச்கிட்ட சொன்னேன்: "மாஸ்டர், ஒரு நிமிஷம் இவனைக் கேளுங்க." அவர் கேட்டார், "டேய், நாளைக்கு யாரோட ஃபைனல்?" பையன் யோசிச்சான். இன்னும் யோசிச்சான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான், அம்மா முகத்தைப் பார்த்தான். சொல்லத் தெரியல.

கோச் அதுக்கப்புறம் பேசவே இல்ல. நல்ல மனுஷன் அவர். அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் குடுத்தது இல்ல, அவ்வளவுதான். அம்மா மட்டும் "சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர், வீட்ல அவங்க அப்பா கேட்பாரு"ன்னாங்க. எழுதிக் குடுத்தேன்.

33/
பையன் ஆடல. டீம் 0-1ன்னு தோத்துடுச்சு.

தையல் பிரிக்க வந்தப்ப எனக்கு முகம் குடுத்தே பேசல. "கார்னர்லதான் டாக்டர் கோல் விழுந்துச்சு. நான் இருந்திருந்தா தடுத்திருப்பேன்."

தடுத்திருப்பான்தான். என்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இருக்கட்டும். கோபப்படறதுக்கு அவன் முழுசா இருக்கான்.

34/
ஜர்னைல் சிங் கதையைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. கட்டாயம் சொல்லுங்க. பிரிவினையைத் தாண்டி வந்த பையன் ஆசியாவோட முதல் ஸ்டாப்பர் ஆன கதை அது. பத்து வருஷம் ஒரே இடத்துல ஊன்றி நின்ன கதை. அந்தக் கட்டை மட்டும் வீரத்துக்கு அடையாளமா காட்டாதீங்க.

நான் ஓ.பி. சீட்டுல "மூணு வாரம் ஆடக்கூடாது"ன்னு எழுதலாம். கோட்டுக்குப் பக்கத்துல நின்னு அவன் கையைப் பிடிச்சு "வாடா, உக்காரு"ன்னு சொல்ல வேண்டியது நீங்கதான். அடுத்த மேட்ச்ல உங்க பிள்ளையோ, யார் வீட்டுப் பிள்ளையோ தலையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா, அதைச் சொல்லுங்க.

35/
உங்க ஏரியா டர்ஃப் குரூப்புலயும் ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்புலயும் 28, 29, 30 மூணையும் மட்டுமாவது போட்டு விடுங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.